பொன்னும் படமும் வழியும்: கிரான் மண்ணை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

கிரானுக்கு மேற்கே, வயல்வெளிகளையும் மேய்ச்சல் தரைகளையும் கடந்து காடு அடரத் தொடங்கும் இடத்தில் ஒரு மலை நிற்கிறது. மட்டக்களப்பார் அதனைக் குடும்பிமலை என்பர். சிங்களத்தில் அது தொப்பிகல. ஆங்கிலேயர் அதற்கு 'பாரன்ஸ் கெப்' என்று பெயரிட்டனர். ஒரு பிரபுவின் தொப்பி என்பது பொருள். ஒருவருக்குக் குடுமியாகத் தெரிந்தது மற்றவருக்குத் தொப்பியாகத் தெரிந்திருக்கிறது. 2007 ஜூலையில் அந்த மலை அரச படையினர் வசமானபோது உலகச் செய்திகளில் அடிபட்ட பெயர் தொப்பிகல. மாடு மேய்க்கப் போனவரும் தேன் எடுக்கப் போனவரும் வைத்திருந்த பெயர் அன்று எந்தச் செய்தியிலும் பெரிதாக வரவில்லை.

இந்தக் கட்டுரை பொன் தேடுதல் பற்றியது. பெயரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பொன் தேடுபவன் கையில் முதலில் எடுப்பது மண்வெட்டியை அல்ல, ஒரு படத்தை. அந்தப் படத்தில் யார் எழுதிய பெயர் இருக்கிறது, அந்த இடத்துக்குப் போக யாருடைய சம்மதம் வேண்டும், அடியில் கிடைப்பது யாருக்குச் சேரும் என்ற மூன்று கேள்விகளும் அவன் மண்ணைத் தொடுமுன்பே எழுகின்றன. கிரான் போன்ற ஒரு பிரதேசத்தில் இவை பொன் தேடுபவனின் கேள்விகள் மட்டுமல்ல. வயல் செய்பவனும், மாடு வளர்ப்பவனும், ஆற்று மணலை நம்பியிருப்பவனும் இதே மூன்று கேள்விகளுக்குத்தான் தலைமுறையாகப் பதில் தேடுகிறார்கள்.

புலம்பெயர்ந்து மெல்பேர்ன் பக்கம் வாழும் எம்மவர்க்குப் பொன் அரித்தல் புதிய செய்தியாக இராது. விக்டோரியா மாநிலத்தில் அது ஒரு விடுமுறைப் பொழுதுபோக்கு. சிறிய கட்டணத்தைச் செலுத்தி, பத்தாண்டுக்குச் செல்லுபடியாகும் ஓர் உரிமைச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, தட்டும் உலோகம் காட்டும் கருவியுமாக ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். இந்தச் சீட்டுக்குப் பின்னால் இரத்தம் சிந்திய வரலாறு ஒன்றுண்டு. 1854இல் பலராட் பொன்வயலில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதந்தோறும் கட்டவேண்டியிருந்த அனுமதிக் கட்டணமே அதற்கு முதற்காரணம். யுரேகா கிளர்ச்சி எனப்படும் அதனைப் படையினர் அடக்கினர். ஆயினும் 1855இல் மாதக் கட்டணம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுண் கட்டணத்தில் புதிய உரிமைச் சீட்டு வந்தது. அதனுடன் வாக்குரிமையும் வந்தது. இன்றைய பொழுதுபோக்காளரின் சட்டைப்பையிலுள்ள சீட்டு அதன் வாரிசு. அந்தச் சீட்டு இருந்தாலும் தனியார் காணிக்குள் நுழையச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். தேசிய வனங்களில் பெரும்பாலும் இடமில்லை. ஆதிக்குடிகளின் மரபிடங்களைத் தொடக்கூடாது. ஆகவே அங்கு தேர்ந்த பொழுதுபோக்காளர் ஒருவர் தரைத்தோற்றப் படம், புவிச்சரிதப் படம், காணி எல்லைப் படம் ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டே புறப்படுவார்.

அதே மூன்று படங்களையும் கிரான் மீது வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

தரைத்தோற்றப் படத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆந் திகதி, ஆளுநர் பிரெடெரிக் நோர்த் காலத்தில் தொடங்கப்பட்டது. நாடு முழுவதையும் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் படமாக்கும் வேலை 1897இல் தொடங்கி 1924இல் முடிந்தது. பின்னர் வந்த 1:50,000 அளவுப் படங்கள் தொண்ணூற்றிரண்டு தாள்களில் நாட்டை அடக்கின. இதில் இரண்டு சென்றிமீற்றர் என்பது தரையில் ஒரு கிலோமீற்றர். பொன் தேடுபவன் இந்தத் தாளில் ஆற்றின் போக்கைப் பார்ப்பான். நீரின் வேகம் தளரும் இடத்தில்தான் கனமானவை படியும்: வளைவின் உட்கரை, பாறைக்குப் பின்புறம், சிற்றாறு பேராற்றில் கலக்கும் முனை, ஆறு கைவிட்டுப்போன பழைய தடம். சாதாரண மணலின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு, கறுப்பு மணலான இல்மனைற்று நாலரை மடங்குக்குமேல், பொன்னோ 19.3 மடங்கு. தட்டில் மணலை இட்டு நீரில் சுழற்றினால் இலேசானது வழிந்தோடும், கனத்தது அடியில் தங்கும். அரித்தல் என்ற தொழிலின் முழு இரகசியமும் இவ்வளவுதான்.

முந்தனை ஆற்றின் வளைவுகளில் ஒருவர் தட்டைச் சுழற்றினால் அடியில் என்ன தங்கும்? அதைச் சொல்வது இரண்டாவது படம். கிரான் பகுதி விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறைகளின் மீது அமைந்துள்ளது. மத்திய மலைநாட்டை உள்ளடக்கிய உயர்நிலத் தொகுதி இதற்கு மேற்கே உள்ளது. இரு தொகுதிகளும் சந்திக்கும் எல்லையோரத்தில், சேருவிலையில், 1971இல் செம்பும் காந்தக்கல்லும் கலந்த படிவு கண்டறியப்பட்டது. பொன்னைப் பொறுத்தவரை இலங்கையில் சில ஆற்றுப் படிவுகளிலும் மாணிக்கக்கல் கிடைக்கும் சரளைகளிலும் நுண்ணிய துகள்கள் காணப்பட்டதுண்டு. தொழிலாக நடத்தக்கூடிய பொன்வயல் எதுவும் அமையவில்லை. எனவே கிரானில் தட்டின் அடியில் தங்கக்கூடியது பெரும்பாலும் இல்மனைற்று, காந்தக்கல், செந்நிறக் காணற்றுத் துகள்கள். கிழக்குக் கரையில் வடக்கே புல்மோட்டையில் இந்தக் கறுப்பு மணலே ஒரு பெருந்தொழிலாக நடக்கிறது. பொன்னைத் தேடிப் போனவன் பொன்னில்லாத ஒரு செல்வத்தின் மேல் நிற்கிறான் என்பதைப் புவிச்சரிதப் படம் அவனுக்குச் சொல்லிவிடும்.

மூன்றாவது படம்தான் சிக்கலானது. காணி யாருடையது என்ற கேள்விக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. அதற்குள் எம்மவர் நன்கறிந்த ஒரு சாட்சியும் உண்டு.

1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் இறங்கி ஆரியச்சக்கரவர்த்தியின் உபசாரம் பெற்று, பாவாதமலைக்குப் போனவர். போகும் வழியில் மாணிக்கம் அகழ்வதைப் பார்த்து அதன் வழமையைக் குறித்துவைத்தார். இத்தீவில் எங்கும் மாணிக்கம் கிடைக்கிறது, நிலம் தனியாருடையது, ஒருவர் ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கித் தோண்டலாம், நூறு பணத்துக்குமேல் பெறுமதியான கல்லை அரசர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார், அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கே உரியது என்பது அவர் தரும் செய்தியின் சாரம். கவனித்துப் பார்த்தால் இது ஓர் ஒழுங்கு. நிலத்துக்குள் போகும் வழியும், அரசின் பங்கும், கண்டெடுத்தவன் பங்கும் மூன்றும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. பெரிய கல்லை எடுத்த அரசரும் விலை கொடுத்தே எடுத்தார்.

பிரித்தானியர் காலத்தில் இந்த ஒழுங்கின் அடிப்படை மாறியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புத் தடைச் சட்டம், காடும் தரிசும் குடியேறாத, பயிரிடாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை எனக் கருதப்படும் என்றது. சில ஆண்டுகள் பயிரிட்டுச் சில ஆண்டுகள் ஆறவிடும் சேனை நிலமும் இந்தக் கணக்கில் அகப்பட்டது. நிரூபிக்கும் பொறுப்பு குடியானவன் தலையில் விழுந்தது. ஒல்லாந்தரின் தோம்புகள் முக்கியமாக மேற்குத் தெற்குக் கரையோரங்களிலும் யாழ்ப்பாணத்திலும் எழுதப்பட்டவை. பரந்த சேனையும் மேய்ச்சல் தரையும் கொண்ட மட்டக்களப்பின் உட்பகுதியில், எழுத்தில் காட்டுவதற்கு ஒன்றுமில்லாத உழைப்பாளியே அதிகம். படம் வரைந்தவனுக்கு அது வெற்றுநிலம். அங்கு வாழ்ந்தவனுக்கு அது பருவத்துக்குப் பருவம் பயன் தரும் நிலம். 1840இன் சட்டம் முன்னவனின் பார்வையைச் சட்டமாக்கியது எனலாம்.

படம் வரைபவனுக்கும் மண்ணை அறிந்தவனுக்கும் இடையிலான இந்த உறவைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வொன்று கடலுக்கு அப்பால், மைசூர் எல்லையில் நடந்தது. 1802இல் ஜோன் வாரன் என்ற படை அதிகாரி அங்கு எல்லை அளக்க வந்தவர். அப்பகுதி மண்ணில் பொன் இருக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. தகவல் தருவோர்க்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரவர்கள் மண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அவர் கண்முன்னே அரித்துப் பொன்துகளைக் காட்டினர். மாரிக்குப்பத்திலும் அயலிலும் மக்கள் தலைமுறையாக அறிந்திருந்த தொழில் அது. அறிவு ஊராருடையது, அறிக்கை வாரனுடையது. 1875இல் லவெல் என்பவர் மைசூர் அரசிடம் அகழ்வு உரிமை பெற்றார். 1880இல் ஜோன் டெயிலர் நிறுவனம் வந்தது. கோலார் பொன்வயல் உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அதற்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர். 2001 பெப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்களுக்கு எஞ்சியது குடியிருந்த வரிசை வீடுகளும், சயனைட்டு கலந்த மண்மேடுகளும்தான்.

இலங்கையில் இதே காலப்பகுதியில் சற்று மாறுபட்ட ஒரு மனிதர் படத்தோடு நடந்தார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராயிருந்தார். கலை விமர்சகராக உலகம் அறிந்த அவர் பயிற்சியால் புவிச்சரிதவியலாளர். சபரகமுவையின் மாணிக்கச் சரளையில் கிடைத்த கனத்த கருநிறக் கனியமொன்றைக் குறித்த ஆய்வில் அவர் பெயர் நிலைத்தது. 1904இல் தோரியனைற்று என அது புதிய கனியமாக அறியப்பட்டது. அகழ்வோர் மாணிக்கத்தைப் பொறுக்கிக்கொண்டு கழித்துவிட்ட கறுப்புத் துகளில் அறிவியலுக்குப் புதியது இருந்தது. குமாரசுவாமியின் கதையில் முக்கியமானது இன்னொன்று. கனியம் தேடி ஊரூராகப் போனவர் அங்கிருந்த கம்மாளரையும் நெசவாளரையும் ஓவியரையும் கண்டார். அதன் விளைவே 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல். மண்ணைப் படமாக்க வந்தவர் மண்ணின் மேலிருந்த மனிதரையும் பதிந்தார். அளவையாளர் எல்லோரும் அப்படி இருந்ததில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னரும் சட்டத்தின் போக்கு முடிக்குரிய காணியை அரச காணியாக்கியதே தவிர அடிப்படையை மாற்றவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன. பின்னாளில் அதே சட்டத்தின்கீழ் வந்த அளிப்புப் பத்திரங்களுக்கு அழகான பெயர்கள் இடப்பட்டன. அவற்றுள் ஒன்று 'ஸ்வர்ணபூமி', அதாவது பொன்நிலம். ஆனால் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி, மண் யாருக்குச் சொந்தமாயினும் அதிலுள்ள கனிப்பொருள் குடியரசுக்கே உரியது. பொன்நிலப் பத்திரம் வைத்திருப்பவரின் கொல்லையில் பொன் கிடைத்தாலும் அந்தப் பொன் அவருடையதல்ல. அச்சட்டம் உருவாக்கிய புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் உத்தரவுச்சீட்டின்றித் தேடவோ அகழவோ முடியாது. ஆற்று மணலுக்கும் இதே பணியகம்தான். மாணிக்கக் கல்லுக்கு 1993இல் தனிச் சட்டமும் தனி அதிகார சபையும் வந்தன. அங்கு காணியின் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளரின் சம்மதமாவது கேட்கப்படுகிறது. அவுஸ்திரேலியாவிலுள்ளது போன்ற பொழுதுபோக்குச் சீட்டு என ஒன்று எமது சட்டத்தில் இல்லை. காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமோ வனசீவராசிகள் திணைக்களத்திடமோ இருக்கும். பழைய கட்டட எச்சமுள்ள இடம் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துக்குள் வரும். புதையல் தோண்டப் போய்ப் பொலிசில் அகப்பட்டோர் செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருவதை வாசகர் அறிவர்.

இந்தக் கேள்விகளை இஸ்லாமியச் சட்ட மரபும் மிக ஆரம்பத்திலேயே எதிர்கொண்டது. அப்யழ் பின் ஹம்மால் (ரழி) மஃரிப் உப்பளத்தைக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை வழங்கினார்கள். அது வற்றாத நீரூற்றைப் போன்றது, எல்லோரும் எடுப்பது என்று அருகிலிருந்தவர் எடுத்துச்சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. அதே அறிவிப்பில் மேய்ச்சலுக்கான மரங்களை வேலியிடுவது பற்றியும் கேட்கப்பட்டது. ஒட்டகங்களின் காலடி எட்டாத இடத்தையே அடைத்துக்கொள்ளலாம் என்பது பதில். பிலால் பின் ஹாரிஸ் (ரழி) அவர்களுக்கு வழங்கப்பட்ட நிலத்தில் அவர் பயன்படுத்த முடியாதிருந்த பகுதியை உமர் (ரழி) அவர்கள் பின்னர் மீட்டு மக்களுக்குக் கொடுத்தார்கள். ஷாபிஈ மத்ஹபு அறிஞர்கள் இவற்றிலிருந்து ஒரு வேறுபாட்டை வகுத்தனர். உழைப்பின்றி எடுக்கக்கூடிய உப்புப் போன்ற வெளிப்படையான கனிப்பொருள் எவருக்கும் தனியுடைமை ஆகாது. பொன், வெள்ளி போல் உழைத்து வெளிக்கொணர வேண்டிய மறைவான கனிப்பொருளின் நிலை வேறு. கனிவளம் பொதுச் சொத்து என்ற 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொள்கை இந்த மரபுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. அந்நியமாயிருப்பது வேறொன்று. மஃரிபில் உப்பளம் திரும்பப் பெறப்பட்டது அதை ஏற்கனவே பயன்படுத்திவந்த மக்களின் பொருட்டு. எமது சட்ட வரலாற்றில் பொதுச் சொத்து என்ற பெயரில் எடுக்கப்பட்டவை அப்படிப் பயன்படுத்திவந்தவர்களின் கைக்கு எட்டாத தூரத்துக்கே பெரும்பாலும் போயின.

இனிக் கிரானுக்குத் திரும்புவோம். கோறளைப்பற்று தெற்கு எனப் பெயர் பெற்ற இப்பிரதேச செயலகப் பிரிவில் படமும் வழியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போன காலம் அரிது. மாரியில் வெள்ளம் ஏறினால் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வழியாக மேற்கே போகும் பாதை நீருக்குள் போய்விடும். அக்கரை ஊர்களுக்குத் தோணியும் படகும்தான் கதி. படத்தில் அது எப்போதும் ஒரு கோடாகவே கிடக்கும். போர்க்காலத்தில் வேறு வகையான வெள்ளம் வந்தது. 1990க்குப் பின் ஓட்டமாவடி, வாழைச்சேனை, ஏறாவூர் முஸ்லிம் விவசாயிகள் பலருக்கு மேற்குப்புறத்து வயல்களுக்குப் போக வழியில்லாமற் போயிற்று. உறுதி பெட்டியில் இருந்தது, வயல் இருந்த இடத்தில் இருந்தது, நடுவில் இருந்த வழி மட்டும் இல்லை. தமிழ் மக்களும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது மிதிவெடி அகற்றுவோரின் எல்லைக் கயிறுகளைத்தான் முதலில் கண்டனர். மட்டக்களப்பு மிதிவெடியற்ற மாவட்டம் என 2017இல் அறிவிக்கப்படும்வரை அதுவும் ஒரு படமாகவே இருந்தது. கோறளைப்பற்று பல பிரதேச செயலகங்களாகப் பிரிந்தபின் எந்தக் கிராமம் எந்தப் பிரிவில் என்ற வழக்கு இரு சமூகத்துக்கும் இடையில் இன்னும் தீர்ந்தபாடில்லை. மேற்கே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் தமிழ்ப் பண்ணையாளர்கள் தமது மாடுகளுக்கான வழியைக் கேட்டு 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டம் நீண்டுசென்றது. அங்கும் எழுந்த கேள்வி அதேதான்: அந்த மண் மகாவலி அதிகார சபையின் படத்தில் யாருக்கு, மேய்ச்சல்காரரின் வழமையில் யாருக்கு?

வயலிழந்த முஸ்லிம் விவசாயியும் மேய்ச்சலிழந்த தமிழ்ப் பண்ணையாளரும் ஒருவர்மேல் ஒருவர் குறைசொல்லப் பல காரணங்கள் உண்டு. அவற்றை மறைப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் காணி அலுவலகத்தில் அவர்கள் இருவரும் நிற்கும் வரிசை ஒன்றே. 1840இல் குடியானவன் தலையில் ஏற்றப்பட்ட நிரூபிக்கும் பொறுப்பு இருவர் தலையிலும் இன்னும் இருக்கிறது. ஒருவருடைய வழமையை மற்றவர் அறிவார். எந்த வாய்க்கால் எப்போது வெட்டப்பட்டது, எந்த வழியால் மாடு போனது, எந்த வெளியை யார் செய்தார் என்பதற்கு ஒருவருக்கொருவர் சாட்சியாக நிற்கக்கூடியவர்கள் அவர்களே.

எனவே கிரானில் பொன் அரிக்க விரும்பும் ஒருவருக்குச் சொல்லக்கூடியது சுருக்கமானது. நில அளவைத் திணைக்களத்தின் தாளையும் புவிச்சரிதப் படத்தையும் வாங்கிப் பாருங்கள். காணி அரசினதா, தனியாரினதா, வனத்தினதா என்பதைப் பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் கேட்டறியுங்கள். உத்தரவுச்சீட்டின்றி மண்ணைத் தோண்டாதீர்கள். இவ்வளவும் செய்தபின் பொன் கிடைக்குமா என்றால், பெரும்பாலும் கிடைக்காது.

ஆனால் அதே உழைப்பை எமது இளைஞர்கள் வேறொன்றுக்குச் செலவிடலாம். பழைய அங்குலப் படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, பேரில்லாவெளி, முறுத்தானை, வடமுனை, ஊத்துச்சேனை, வாகனேரி என்று ஊரூராகப் போய், முதியவர்களைக் கேட்டு, வெளிகளின் பெயர்களையும் குளக்கட்டுகளையும் வண்டிப்பாதைகளையும் மாட்டுத்தடங்களையும் பள்ளியும் கோயிலும் இருந்த இடங்களையும் குறித்துவைக்கலாம். பேரில்லாவெளிக்குக்கூட ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்களை அறிந்த தலைமுறை ஒவ்வொருவராக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நாளை ஒரு காணி விசாரணையில் தமிழருக்கும் முஸ்லிமுக்கும் கைகொடுக்கப்போவது அந்தக் குறிப்புப் புத்தகமே.